வளரும் மகளுக்குத் தைக்கும்போது எங்கே துணி விடுவது, எதை அவள் கையில் விடுவது?

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு ஒன்பது வயது. மூன்று மாதம் தையல் வகுப்புக்குப் போயிருக்கிறேன், வீட்டில் மாமியாரின் பழைய கால் மிஷின் இருக்கிறது. சரியான அளவில் தைத்தால் எட்டு மாதத்தில் குட்டையாகிவிடுகிறது. பெரிதாகத் தைத்தால் தோள் இறங்கி, கழுத்து அகன்று நிற்கிறது. போடவே மாட்டேன் என்கிறாள். தீபாவளிக்கு 36 அளவில் பட்டுப் பாவாடைத் துணி வாங்கிவிட்டேன், வெட்டப் பயமாக இருக்கிறது. நானும் தைப்பேன் என்று அவள் வேறு பக்கத்திலேயே நிற்கிறாள். இந்த வயதில் மிஷினில் உட்கார வைக்கலாமா? மோட்டார் மாட்டிக் கொடுக்கலாமா?"

"வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா தைங்க" என்று கேட்காத அம்மா இல்லை. தையல்காரரும் சரி என்று தலையாட்டிவிட்டு எல்லா இடத்திலும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டிவிடுவார். பிள்ளைகள் அப்படி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. நான்கைந்து வயதுக்கு மேல், பருவ வளர்ச்சி தொடங்கும் வரை, வருடத்துக்குச் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் கூடும். அதாவது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் பாதிக்கும் மேல் காலில்தான். அதே ஒரு வருடத்தில் மார்புச் சுற்றளவு ஓர் அங்குலம் கூடினால் அதிகம். தோள் அகலம் கூடுவது அதைவிடக் குறைவு, கழுத்து இன்னும் குறைவு. ஆகவே தோளையும் கழுத்தையும் இன்றைய அளவில் வெட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் துணி விடுங்கள். நீளத்தில் நிறைய விடுங்கள், ஆனால் அதை உள்ளே ஒளித்து வையுங்கள். உங்கள் மகள் போட மறுத்த உடைகளில் தவறாகப் போனது தோளும் கழுத்தும்தான். தோள் பொருந்தினால் உடல் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வயதுக்கு இத்தனை என்று அச்சடித்த அளவு அட்டவணையை நம்பி வெட்டாதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு சாண் வித்தியாசம் இருக்கும். வெட்டப் போகிற அன்று அளவெடுங்கள்; போன பொங்கலுக்கு நோட்டில் எழுதி வைத்தது இப்போது உதவாது.

முதலில் பட்டுத் துணிக்கு வருகிறேன், உங்கள் பயம் அதில்தானே. 36 அளவு என்றால் பாவாடையின் நீளம் 36 அங்குலம் வரை வரும் என்று அர்த்தம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய 29 அங்குலம் இருக்கும்; உங்கள் மகளுக்கு அளந்து பாருங்கள். மிச்சம் 7 அங்குலம். இதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கீழே ஜரிகைக் கரை இருப்பதால் அந்தப் பக்கம் மடித்துத் தைக்க வழியில்லை, துணி முழுவதையும் மேல் பக்கத்தில்தான் சேமிக்க வேண்டும். ஓர் அங்குலம் இடுப்புத் தையலுக்குப் போக மீதி 6. துணியைக் குறுக்காக மடித்துத் தைக்கும் மடிப்புக்கு டக் என்று பெயர். ஓர் அங்குலம் ஆழத்துக்கு ஒரு டக் பிடித்தால் அது இரண்டு அங்குலத் துணியை விழுங்கும். மூன்று டக் பிடித்தால் 6 அங்குலமும் உள்ளே போய்விடும்.

டக்கைக் கரைக்கு மேலே பிடிக்கும் வழக்கமும் உண்டு, பார்க்க அழகாகவும் இருக்கும். பருத்திக்கு நானும் அப்படித்தான் சொல்வேன். பட்டுக்கு வேண்டாம். பட்டில் ஊசி போன தடம் போகாது. அடுத்த வருடம் பிரித்தால் கரைக்கு மேலே கோடு கோடாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே ஒன்றரை அங்குலம் தள்ளித் தொடங்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்றையும் பிடித்துவிடுங்கள். இடுப்பு தாண்டி ஐந்து அங்குலம் இறங்குகிற சட்டை அந்த இடத்தை மூடிக்கொள்ளும்.

செய்யும் முறை இது. துணியை மடிப்பு வைப்பதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போதே டக் பிடித்துவிட வேண்டும். உள்பக்கத்தில் மார்க்கிங் சாக்கால் லேசாகக் கோடு போடுங்கள். குண்டூசியைத் தையல் கோட்டின் மேலேயே குத்துங்கள், வேறெங்கும் குத்தினால் ஓட்டை நிற்கும். மிஷினில் 11ஆம் நம்பர் ஊசி, துணி நிறத்திலேயே நூல், தையல் நீளத்தை மிகப் பெரியதாக வைத்து, மேல் நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். இப்படித் தைத்தால் பிரிக்கும்போது ஒரு நூலை இழுத்தால் முழுதும் வந்துவிடும், கத்திரியை உள்ளே விட்டுப் பட்டைக் கிழிக்க வேண்டியதில்லை. அப்புறம் இடுப்பில் சுருக்கம் வைக்காமல், ஒரே பக்கம் பார்க்கிற மடிப்பாக வைத்துத் தையுங்கள். சுருக்கம் வைத்தால் டக்கும் சேர்ந்து இடுப்பு மூட்டை மாதிரி ஆகிவிடும்.

பாவாடைக்கு நாடா போடாமல் பாடி வைத்துத் தையுங்கள். மெல்லிய பருத்தியில், கையில்லாத பனியன் வடிவத்தில் உள்பாடி தைத்து, பாவாடையை அதன் அடியில் இணைப்பது. இடுப்பில் நாடா அறுத்த தடம் இருக்காது. ஓடி விளையாடினாலும் பாவாடை இறங்காது. இதில் இன்னொரு வசதி உண்டு. தோள்பட்டியை முன்பக்கத்தோடு சேர்த்துத் தைக்காமல் மூன்று அங்குலம் நீளமாக விட்டு, இரண்டு காஜா (பொத்தான் துளை) எடுத்துப் பொத்தான் வையுங்கள். ஒரு காஜாவுக்கும் அடுத்ததற்கும் இரண்டு அங்குல இடைவெளி. பிள்ளை கொஞ்சம் உயர்ந்ததும் பொத்தானை அடுத்த காஜாவுக்கு மாற்றினால் பாவாடை முழுதும் இரண்டு அங்குலம் கீழே இறங்கும், டக்கைத் தொடவே வேண்டாம். டக் மூன்றையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பாவாடையின் நீளத்தைப் பொறுத்தவரை மூன்று நான்கு வருடத்துக்குக் கவலை இல்லை. சட்டைதான் அதற்கு முன்பே போதாமல் போகும். அப்போது சட்டையை மட்டும் வேறு துணியில் தைத்துக்கொள்ளலாம்.

சட்டையில் பக்கத் தையலுக்கு அரை அங்குலம் விடும் இடத்தில் ஓர் அங்குலம் விடுங்கள். கணக்கைப் பாருங்கள்: அடுத்த வருடம் இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிரித்து விட்டால், முன்துணி பின்துணி இரண்டிலும் அரை அரையாக நான்கு இடத்தில் கூடி, சுற்றளவு இரண்டு அங்குலம் பெருகும். இரண்டு வருட வளர்ச்சிக்கு அது போதும். சட்டைக் கையின் பக்கத் தையலிலும் அதே அளவு துணி தொடர்ந்து வர வேண்டும். சட்டையில் விட்டுவிட்டுக் கையில் விடாமல் போனால் பிரித்துப் பயனில்லை. கை இணையும் ஆர்ம்ஹோல் வளைவில் மட்டும் கூடுதலாக விடாதீர்கள். வளைவில் துணி மிஞ்சினால் அக்குளில் சுருண்டு பிள்ளையைக் குத்தும். அதற்குப் பதில் அந்த வளைவை அரை அங்குலம் ஆழமாக வெட்டிவிடுங்கள். பஃப் கை வைத்தால் கையின் சுற்றளவைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. சட்டையின் அடியில் இரண்டு அங்குலம் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள், மிஷின் தையல் போட வேண்டாம். முதுகில் கொக்கிப் பட்டியை வழக்கத்தைவிட அரை அங்குலம் அகலமாக வைத்தால், பிறகு கொக்கியைத் தள்ளி வைத்தும் சமாளிக்கலாம்.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முதல் நாள் இரவு தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காயப் போடுங்கள். மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்கும் துணியெல்லாம் சாதாரணம். "எட்டு மாதத்தில் குட்டையாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதி துணி சுருங்கியதாகக்கூட இருக்கும். சுங்குடி மாதிரிச் சாயத் துணியைத் தனியாக நனையுங்கள். பட்டுத் துணியை நனைக்க வேண்டாம்.

பருத்திப் பாவாடையிலோ யூனிஃபார்ம் ஸ்கர்ட்டிலோ அடிமடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய மடிப்பு ஒரு கோடாக நிற்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு அந்த இடத்தை ஈரப்படுத்தி இஸ்திரி போட்டால் மடிப்புத் தடம் பெரும்பாலும் போய்விடும். சாயம் போகிறதா என்று உள்மூலையில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெளுத்த கோடு என்றால் எதைப் போட்டாலும் போகாது. அதன் மேலே லேஸ் வைத்துத் தைப்பது ஒன்றே வழி. யூனிஃபார்மில் அதற்கும் வழியில்லை என்பதால் புது ஸ்கர்ட்டிலேயே நான்கு அங்குல அடிமடிப்பு கேட்டு வாங்குங்கள்.

ஃப்ராக் தைப்பதானால் இடுப்பில் வெட்டுத் தையல் இல்லாத கீழே போகப் போக விரியும் ஏ-லைன் வெட்டுக்குப் போங்கள். இடுப்பு வைத்த ஃப்ராக்கில் உடல் நீண்டதும் அந்த இடுப்பு நெஞ்சுக்கு ஏறிவிடும். ஏ-லைன் என்றால் இந்த வருடம் ஃப்ராக், அடுத்த வருடம் லெகிங்ஸுக்கு மேல் டாப்.

இனி மகளின் விஷயம். ஒன்பது வயது நல்ல வயது. ஆனால் மிஷினில் தொடங்க வேண்டாம். டேப்பை அவள் கையில் கொடுங்கள். தன் அளவைத் தானே எடுத்து, தன் நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். முதுகுப் பக்கம் மட்டும் நீங்கள் பிடித்தால் போதும். இதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அந்த நேரத்தில் கூடத்தில் நிற்க வைத்து, பாட்டி, சித்தப்பா எல்லோர் முன்னாலும் மார்பளவு எடுத்துச் சத்தமாக எண் சொல்வது அவளைக் கூச வைக்கும். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். "குண்டாயிட்டே", "ஒல்லியாப் போயிட்டே" என்ற பேச்சு எதுவும் வேண்டாம். அந்த நாட்களில் வளர்ச்சியின் வேகமும் கூடும், வருடத்துக்கு 8 சென்டிமீட்டர்கூட உயரலாம். முதலில் காலும் பாதமும், பிறகுதான் உடம்பு. ஆகவே செருப்பு திடீரென்று சின்னதானால் பாவாடை டக்கையும் பார்க்கத் தொடங்குங்கள். சட்டையின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தால் பக்கத் தையலைப் பிரித்துப் பலன் இல்லை. அடுத்த சட்டையில் பக்கவாட்டில் ஒரு சிறு டாட் (முனை குறுகும் மடிப்பு) பிடிக்க வேண்டும், லைனிங்கும் வைக்க வேண்டும்.

கைத்தையலில் ஓட்டுத் தையல், பொத்தான், கொக்கி, ஹெம்மிங் என்று அவளுக்குக் கொடுக்க நிறைய வேலை இருக்கிறது. விளையாட்டுக்குத் துண்டுத்துணி கொடுத்து உட்கார வைத்தால் இரண்டு நாளில் அலுத்துவிடும். தீபாவளிச் சட்டையின் அடிமடிப்பையே கொடுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் தூங்கிய பிறகு நீங்கள் பிரித்துத் திருத்தித் தைக்காமல் இருந்தால் சரி.

மிஷினில் உட்கார்ந்ததும் முதலில் கால் பழக வேண்டும். கையால் சுற்றும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்துங்கள், பாபின் சுற்றும்போது செய்வீர்களே, அதேதான். சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. சக்கரம் தன்னைப் பார்த்துச் சுற்றும்படி மிதிக்க அவள் பழகட்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்து சிக்கும். அது கைவந்ததும் திருகை இறுக்கி, நூல் கோக்காமல், தேய்ந்த ஊசி ஒன்றை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே தைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சதுரம்: மூலைக்கு வந்ததும் ஊசி உள்ளே இறங்கியிருக்க, துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துப் பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்புவது. அப்புறம் வட்டம். தாளில் தைத்த ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்குப் போடாதீர்கள். விரல் எப்போதும் அழுத்துப் பாதத்துக்கு இரண்டு பக்கமும் தள்ளி இருக்க வேண்டும், ஊசிக்கு நேர் முன்னால் வரக்கூடாது. முடியைப் பின்னிக் கட்டி, துப்பட்டா இல்லாமல் உட்காரட்டும்.

முதல் உடையாக எலாஸ்டிக் பாவாடை நல்லது, நேர்த்தையல் மட்டுமே வரும். 36 அங்குல அகலப் பாப்லின் இரண்டு மீட்டர் போதும். நீளம் 29 என்றால் எலாஸ்டிக் மடிப்புக்கு 2, அடிமடிப்புக்கு 4 சேர்த்து 35 அங்குலத்தில் இரண்டு துண்டு. இரண்டு பக்கமும் இணைத்து, மேலே மடித்து, இடுப்பளவைவிட இரண்டு அங்குலம் குறைவாக எலாஸ்டிக் கோத்தால் முடிந்தது. வெட்டுவது நீங்கள், தைப்பது அவள். அடிமடிப்பு நான்கு அங்குலம் ஏன் என்று கேட்பாள், சொல்லுங்கள். அடுத்த வருடம் அதைப் பிரித்து இறக்குவதும் அவள் வேலைதான்.

மோட்டார் இப்போது வேண்டாம். கால் மிஷினில் வேகம் அவள் காலில் இருக்கிறது, பயந்து காலை எடுத்தால் நின்றுவிடும். மோட்டாரில் பெடலை லேசாக அழுத்தினாலே சரசரவென்று ஓடும், விரலை எடுக்க நேரம் கிடைக்காது. நேர்க்கோட்டிலும் வளைவிலும் கை நிலைத்து, உட்கார்ந்தால் பாதம் முழுதாகப் பலகையில் படியும் உயரமும் வந்த பிறகு பார்க்கலாம். மாமியாரின் மிஷின் உஷா என்றால் மகளிடம் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கிறது: 1935இல் கல்கத்தாவில் முதல் இந்தியத் தையல் மிஷினைச் செய்த பிஷன் தாஸ் பாசில் தன் கடைசி மகளின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். எந்த மிஷினாக இருந்தாலும், அவளை உட்கார வைப்பதற்கு முன் பஞ்சு தூசியைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, பழைய துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து இறுகிப் போகும். இறுகிய மிஷினை மிதிக்க அவள் காலுக்குப் பலம் போதாது.