முதல் சூட் தைக்கிறேன்: நேவி ப்ளூவோடு நிற்பதா, கட்டம், டபுள் பிரெஸ்டட் என்று துணிவதா?

கேள்வி இதுதான்: அளவெடுத்துத் தைக்கும் முதல் சூட். அலுவலகத்துக்கும் வேண்டும், கல்யாண வரவேற்புக்கும் வேண்டும். நேவி எடுத்தால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவோமோ என்ற தயக்கம். மனசு பெரிய கட்டம் போட்ட டபுள் பிரெஸ்டட் (முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்று மடிந்து, இரண்டு வரிசைப் பட்டன் வைத்த கோட்டு) மேல் நிற்கிறது.

சூட்டை நேவியில், கட்டமோ கோடோ இல்லாத துணியில், ஒற்றை வரிசைப் பட்டனோடு தையுங்கள். துணிய வேண்டிய ஆசையை டை, சட்டை, ஷூ, அதன் பிறகு தனிக் கோட்டு என்ற வரிசையில் தீர்த்துக்கொள்ளுங்கள். ரிஸ்க் எவ்வளவு என்பதை நிறத்தை வைத்து எடை போடுவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். பிடிக்காமல் போனால் பிரித்துத் தைக்க முடியுமா, கழற்றி வைத்துவிட்டு வேறொன்று போட முடியுமா என்று பாருங்கள். டை பிடிக்கவில்லை என்றால் வேறு டை கட்டிக்கொள்ளலாம். டபுள் பிரெஸ்டட் கோட்டை ஒற்றை வரிசையாக மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தைத்து முடித்த சூட்டில் எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொள்வது நல்லது. பேன்ட் நீளம் மாறும். இடுப்பின் பின்தையலில் துணி விட்டிருந்தால் 4 செ.மீ. வரை தளர்த்தலாம். கோட்டின் பக்கத் தையலைச் சற்றுப் பிடிக்கலாம், விடலாம். கை நீளத்தை 2 செ.மீ. அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கைமுனைப் பட்டன்களுக்கு நிஜக் காஜா வெட்டிவிட்டால் அந்த வழி அடைபடும், பிறகு கையைத் தோளிலிருந்து கழற்றித்தான் தைக்க வேண்டும். அதனால் கைக் காஜாவைக் கடைசி டிரையல் முடிந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். தோள் அகலம், முன்பட்டன் உயரம், பின்பக்கத் திறப்பு, லேபல் (காலருக்குக் கீழே மார்பில் மடிந்து கிடக்கும் பகுதி) அகலம் ஆகியவை பெரும்பாலும் வெட்டியது வெட்டியதுதான். கோட்டு நீளத்தில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் கை வைத்தால் பாக்கெட்டுக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி கெட்டு, பாக்கெட் கீழே தொங்குவது போல் ஆகிவிடும்.

ஒரு கோட்டின் காலத்தைக் காட்டிக்கொடுப்பதும் இந்த மாற்ற முடியாத அளவுகள்தான். 1980-களின் ஆர்மானி பாணியில் தோள் அகன்று, பட்டன் இறங்கி இருந்தது. 2000-களில் ஹெடி ஸ்லிமேன் டியோர் ஓம் நிறுவனத்துக்கு வடிவமைத்தவை அதற்கு நேர்மாறு: ஒடுங்கிய தோள், மெல்லிய லேபல். இரண்டுமே அந்தந்தக் காலத்துக்கு அழகு. ஆனால் அவற்றைப் பார்த்துக் கடைகள் விற்ற சாதாரண நேவி, சாம்பல் சூட்களை இன்று போட்டால் வருஷம் சொல்லிவிடலாம். பாதுகாப்பான நிறத்தை எடுத்தவர் வெட்டில் சூதாடிவிட்டார், அது அவருக்கே தெரியாது.

வெட்டில் நிலைத்த அளவுகள் இவை. பின்கழுத்திலிருந்து தரை வரை அளந்து, அதில் பாதி கோட்டு நீளம். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டன் தொப்புளுக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே, கீழ்ப் பட்டனைப் போடுவதில்லை. லேபல் 8.5 முதல் 9.5 செ.மீ.; டையும் ஏறக்குறைய 8. கோட்டுக் கையின் முனையில் சட்டை ஒரு செ.மீ. தெரிய வேண்டும். இன்று அதிகம் கெடுவது பேன்ட் இடுப்பில்தான். ஜீன்ஸ் போல இடுப்பெலும்பில் நிற்கும் பேன்ட்டோடு கோட்டைப் பூட்டினால், பட்டனுக்குக் கீழே சட்டையும் டை நுனியும் ஒரு வெள்ளை முக்கோணமாகத் துருத்திக்கொண்டு தெரியும். பேன்ட் தொப்புளை ஒட்டி ஏறி நிற்க வேண்டும். ‘ஏத்தித் தைங்க மாஸ்டர்’ என்று சொன்னால் பலர் தயங்குவார்கள், நீங்கள் தயங்காதீர்கள்.

கறுப்பு சூட்தான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கறுப்பு நிறம் துணியின் நெசவையும் வெட்டையும் விழுங்கிவிடும். தூசியும் பஞ்சும் பளிச்சென்று தெரியும். பேன்ட் கோட்டை விட அதிகம் தேய்வதால் இரண்டும் வேறு வேறு கறுப்பாகிவிடும். இரவு விருந்து உடைக்கே கூட விண்ட்ஸர் கோமகன் (அரியணையைத் துறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட்) கறுப்பை விட்டு நள்ளிரவு நீலத்துக்குப் போனார். செயற்கை விளக்கில் கறுப்பு சற்றே பச்சையடித்துத் தெரியும். நள்ளிரவு நீலமோ கறுப்பை விடக் கறுப்பாக நிற்கும். துணிச்சலான உடைக்காரர் என்று பெயரெடுத்தவரின் அந்தத் துணிச்சல், இரண்டடி தள்ளி நிற்பவருக்குத் தெரியக்கூட தெரியாது.

துணியில் ஏமாறுவது சூப்பர் 150 என்ற எண்ணால். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைத்தான் சொல்கிறது: சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரான், 150 என்றால் 16.25. இழை மெலிய மெலியத் துணி வழுவழுக்கும்; கூடவே முட்டியிலும் உட்காரும் இடத்திலும் சீக்கிரம் பளபளத்துத் தேயும். தினசரிக்கு 100 முதல் 120 போதும். சென்னை வெயிலுக்கு மிக மெல்லிய துணி எடுப்பது அடுத்த தவறு. வியர்வையில் அது உடம்போடு ஒட்டிக் கசங்கும். நூலை இறுக்கி முறுக்கி, இடைவெளி விட்டு நெய்த கம்பளித் துணி கேளுங்கள். 150 செ.மீ. அகலத்தில் மீட்டருக்கு 280 முதல் 310 கிராம் இருந்தாலும் காற்று உள்ளே புகும், சுருக்கம் தானாக நீங்கும். உள்லைனிங் பாதி போதும். முன்பக்கத்துக்குப் பசையிட்டு ஒட்டும் ஃப்யூசிங் வேண்டாம். நாலைந்து டிரை கிளீனிங்குக்குப் பிறகு பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பலாம், அதைச் சரிசெய்யவும் முடியாது. குறைந்தது மார்பும் லேபலும் உள்ள பகுதிக்காவது கேன்வாஸ் (பசையில்லாமல் தைத்துச் சேர்க்கும் உள்துணி) வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பட்ஜெட்டில் மிச்சம் பிடித்து இங்கே போடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது கடைக்காரர் காட்டும் ‘வித்தியாசங்களை’ ஏற்காதீர்கள்: லேபல் காஜாவுக்குச் சிவப்பு நூல், கையின் கடைசிக் காஜா மட்டும் ஆரஞ்சு, காலருக்கடியில் வேறு நிறத் துணி, பாக்கெட் மூடிக்குக் குழாய்த் தையல். செலவு அதிகமில்லை என்பதால் துணிந்துவிடத் தோன்றும். ஆனால் அவை நிரந்தரம், எல்லா டையோடும் சண்டை போடும். கலர் கலர் சாக்ஸையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். சாக்ஸ் பேன்ட் நிறத்தில், கெண்டைக்காலைத் தாண்டி ஏற வேண்டும். உட்காரும்போது கால் ரோமம் தெரியக் கூடாது.

இனி தைரியமாகச் செலவிட வேண்டிய இடங்கள். நேவி சூட்டோடு கரும்பழுப்பு ஸ்வேட் (மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் தோல்) ஷூ போடுங்கள். லண்டன் நகர அலுவலகங்களில் பழுப்பு ஷூ கூடாது என்ற பழைய விதி ஒன்று இருந்தது; அதை மீறியதில் விண்ட்ஸர் கோமகனுக்குப் பங்குண்டு. ஸ்வேட் மெருகேறிய தோல் போல மின்னாது, அதனால் நீலத்தின் பக்கத்தில் அடங்கி நிற்கும். மழையில் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாள் திணித்து, வெயில் படாமல் நிழலில் காயவைத்து, காய்ந்த பின் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள். இளம்பழுப்பு வேண்டாம், கண்ணைக் காலுக்கு இழுத்துவிடும்.

டையில் நிறத்தை விட நெசவில் துணியுங்கள். பளபளக்கும் சாட்டின் டைக்குப் பதில், வலை போல நெய்த கிரெனடின் பட்டு, அல்லது பின்னல் டை. அதே கருநீலம்தான், ஆனால் வெளிச்சத்தை வேறு மாதிரி வாங்கும். கைக்குட்டை வெள்ளை லினன். டை வெட்டிய அதே துணியில் ஜோடியாக விற்கும் கைக்குட்டையை மட்டும் வாங்காதீர்கள். கோடு போட்ட சட்டையோடு கோடு போட்ட டை கட்டலாம், அளவு வேறாக இருக்க வேண்டும் அவ்வளவுதான்: சட்டையில் 2 மி.மீ. கோடு என்றால் டையில் ஒன்றரை செ.மீ. இரண்டும் நெருங்கிய அளவானால் பார்ப்பவர் கண் கூசும். ஒரே நாளில் இவற்றில் ஒன்றை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். எது உறுத்துகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

ஃபியட் கார் நிறுவனத் தலைவராக இருந்த ஜானி அன்யெல்லியை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். சட்டைக் கைமுனைக்கு மேல் வாட்ச் கட்டினார், டையின் பின்பக்க மெல்லிய முனையை முன்முனைக்குக் கீழே தெரியத் தொங்கவிட்டார். அவருடைய சூட்களையும் சேர்த்துப் பாருங்கள்: கராச்சேனி என்ற இத்தாலியத் தையலகத்தில் தைத்த, குறை சொல்ல முடியாத சாம்பல், நேவி. அந்த அடித்தளம் இருந்ததால்தான் வாட்ச் விஷயமானது. ஃப்ளாரன்ஸில் ஜனவரியிலும் ஜூனிலும் நடக்கும் பிட்டி ஊமோ கண்காட்சிப் படங்களை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது. அங்கே பலர் கேமராவுக்காக உடுத்துகிறார்கள். ஐந்து துணிச்சல்களை ஒன்றாகப் போட்டால் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

உங்கள் டபுள் பிரெஸ்டட் ஆசை நல்ல ஆசை. இரண்டாவது அல்லது மூன்றாவது சூட்டாக வரட்டும். ஆறு பட்டன், அதில் இரண்டு பூட்டும் அமைப்பு. மேல்நோக்கிக் கூர்ந்த லேபல் 10 முதல் 11 செ.மீ. உள்பக்கம் ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும்; அது இல்லாவிட்டால் உள்மடிப்பு தொங்கி முன்பக்கம் கோணும். இந்தக் கோட்டை நிற்கும்போது திறந்து விடக் கூடாது, இரண்டு பக்கமும் பலகை போல் ஆடும். ஏசி இல்லாத மண்டபத்தில் வயிற்றின் மேல் இரட்டைத் துணியோடு மூன்று மணி நேரம் நிற்க முடியுமா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். குள்ளமானவர்களுக்கு ஆகாது என்பதில் உண்மையில்லை. பட்டன் வரிசைகளை நெருக்கி வைத்தால் உயரமாகவே தெரிவார்கள்.

கட்டத்தை இரட்டை வரிசையோடு சேர்த்து எடுக்காதீர்கள், இரண்டும் தனித்தனி ரிஸ்க். நேவியின் மேல் அதை விட ஒரு சாயல் மட்டும் வெளுத்த நீலக் கட்டம் என்றால் மூன்று மீட்டர் தள்ளி வெறும் நேவியாகவே தெரியும். நல்ல தொடக்கம் அது. கட்டத் துணிக்கு வழக்கமான மூன்றேகால் மீட்டரை விட அரை மீட்டர் கூட வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டிலும், முதுகு நடுவிலும், கை மார்பைத் தொடும் இடத்திலும் கட்டம் சேராது. வெட்டுவதற்கு முன் இந்த மூன்று இடத்தையும் சொல்லிவிடுங்கள்.

நிஜமாகவே துணிய வேண்டுமென்றால் நம் பேரிலேயே ஒன்று இருக்கிறது. கைத்தறி மெட்ராஸ் கட்டம், 1950-60-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைக் கோட்டானது. சலவையில் சாயம் கரைந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்ததையே, ‘சாயம் போகும் என்பது உத்தரவாதம்’ என்று சிறப்பாகச் சொல்லி அங்கே விற்றார்கள். சூட்டாக வேண்டாம், தனிக் கோட்டாகத் தையுங்கள்: லைனிங் இல்லாமல், மேலே ஒட்டுத் தைத்த பாக்கெட்டுகளோடு, தோளில் பஞ்சு இல்லாமல். கீழே சாம்பல் அல்லது காக்கி பேன்ட், வெள்ளைச் சட்டை, டை இல்லை. முழங்கையில் கசங்கும்; அதை அயர்ன் செய்து ஒழிக்கப் பார்க்காதீர்கள், அந்தத் துணிக்கு அது இயல்பு.

நேவிக்குத் துணி எடுக்கும் நாளில் அதே துணிச் சுருளிலிருந்து இன்னொரு பேன்ட்டுக்கு 1.3 மீட்டர் சேர்த்து வாங்கிவிடுங்கள்; முதலில் தேய்வது பேன்ட்தான், பிறகு போய்க் கேட்டால் அதே நீலம் கிடைக்காது. டிரையலுக்குப் போகும்போது அந்த சூட்டோடு போடப்போகும் ஷூவையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு போங்கள். கோட்டைப் பூட்டி நாற்காலியில் உட்காருங்கள், கையை முன்னால் நீட்டுங்கள். பின்காலர் கழுத்தை விட்டு விலகினால் அதை அப்போதே சொல்லுங்கள்.