தெஹிவளை, கல்கிசைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கலாமா? ஊர் எப்படி?

ஏழு வருஷம் அங்கே வாடகைக்கு இருந்தவன் சொல்கிறேன். வீட்டுத் தரகரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: காலி வீதிக்கு (கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகிற பெருந்தெரு) கடல் பக்கமா, மற்றப் பக்கமா?

வெள்ளவத்தையைத் தாண்டினால் கொழும்பு மாநகர சபை எல்லை முடிந்து தெஹிவளை. பிறகு கல்கிசை, இரத்மலானை. 100, 101 பஸ்ஸில் போனால் எல்லாம் ஒரே நீளக் கடைத்தெருவாகத்தான் தெரியும். குறுக்கே நடந்தால்தான் ஊர் பிடிபடும்.

மேற்கே கடல், அதை ஒட்டி ரயில் பாதை, பிறகு ஒழுங்கைகள், காலி வீதி. முதலில் இந்தப் பக்கம்தான் இருந்தேன். காற்று அருமை. ஆனால் உப்பு எதையும் விட்டுவைக்காது. புதிதாகப் பூட்டிய ஜன்னல் கம்பி ஒரே வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அலை கல்லில் மோதி ரயில் ஜன்னல் வரைக்கும் தெறிக்கும்.

பிறகு காலி வீதிக்கு மற்றப் பக்கம், நெடிமாலைக்கு மாறினோம். 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த மிருகக்காட்சிசாலை அங்கேதான். விடியப்புறம், பஸ் சத்தம் தொடங்க முன்னம் சிங்கம் உறுமுவது கேட்கும். மகள் அதைக் கேட்டுத்தான் எழும்புவாள்.

இன்னும் கிழக்கே போனால் நிலம் தாழ்ந்து அத்திடிய, பெல்லன்வில சதுப்பு. கொக்கு, நாரை பார்க்க நல்ல இடம். மழைக்கு வெள்ளம் வந்து நிற்கிற இடமும் அதுதான். வாடகை குறைவென்று ஓடிப்போய் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள்.

தெஹிவளையில் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. கடைகளில் தமிழிலேயே சமாளிக்கலாம். கல்கிசை கொஞ்சம் வேறு மாதிரி, உல்லாசப் பயணிகள் வந்துபோகிற இடம். 1806இல் பிரித்தானிய ஆளுநர் மெயிட்லண்ட் கட்டிய மாளிகைதான் இப்போதைய பெரிய ஹோட்டல். லோவினா என்ற நாட்டியக்காரியைச் சந்திக்க அவர் சுரங்கம் வைத்திருந்தாராம். ஓட்டோக்காரர்கள் கேட்காமலே சொல்வார்கள். கடற்கரைதான் பாவம். 2020இல் கடலுக்குள்ளிருந்து மணல் எடுத்துக் கொட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே அதில் பெரும்பகுதியை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வேலை கொழும்புக் கோட்டைப் பக்கம் என்றால் பஸ்ஸை மறந்துவிட்டு ரயிலில் போங்கள். காலையில் இருக்கை கிடைக்காது, இடது கைப் பக்க ஜன்னலோரமாக நின்றுகொள்ளுங்கள். கடல் அந்தப் பக்கம்.