கத்திரி வெயிலும் தைராய்டு மாத்திரையும்: கேள்வி பதில்

சித்திரை பிறந்ததும் ஈரோடு, கரூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளவர்கள் இந்த வெயிலை எப்படிச் சமாளிப்பது என்று பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். கோபி வட்டாரத்தில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2003 முதல் அந்தக் குறைவுக்குத் தரும் தைராய்டு மாத்திரையை (லெவோதைராக்சின்) நானும் சாப்பிட்டு வருகிறேன். அந்த இரு வழியிலும் அறிந்ததைச் சொல்கிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு.

பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி: தைராய்டு குறைவு என்றால் குளிர்தான் தாங்காது என்கிறார்கள். எனக்கோ வெயில்தான் தாங்கவில்லை. ஏன் அக்கா?

குளிர் தாங்காது என்பது உண்மை. சுரப்பு குறைந்தால் உடம்பு தனக்குள் உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது. ஆனால் அதே காரணத்தால் தோல் வறண்டு வியர்வையும் குறைந்துவிடும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பின் சூடு வெளியேறும் என்பதால், வியர்க்காத உடம்பு வெயிலில் தவித்துப் போகிறது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டும். சுரப்பு குறைந்தவர்களுக்கு இதயமும் மெதுவாகத் துடிப்பதால் அந்த வேலையும் மந்தப்படும்.

இதற்கு நேர்மாறான காரணம் ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் போனாலும் வெயில் தாங்காது. 2016 மே மாதம் ஒரு மாலை, வீட்டுக்கு வந்தவர்களுக்கு டம்ளரில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் கை நடுங்கி மோர் திண்ணையெல்லாம் சிந்தியது. உள்ளங்கை ஈரமாக இருந்தது, நெஞ்சு படபடத்தது. கத்திரி என்று சொல்லிப் பத்து நாள் ஓட்டினேன். பிறகு இரத்தம் கொடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே இருந்தது. தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் சுரப்பு அது; உடம்பில் தைராய்டு சுரப்பு மிஞ்சினால் குறையும், போதாவிட்டால் ஏறும். அதற்கு முந்தைய ஆண்டில் எனக்கு 11 கிலோ எடை குறைந்திருந்தது. மாத்திரையோ பழைய எடைக்குத் தந்த 125 மைக்ரோகிராமாகவே இருந்தது. 100க்குக் குறைத்த பிறகு, அதே வெயிலில் என்னால் நடமாட முடிந்தது.

ஆகவே வியர்வையே இல்லாமல், மலச்சிக்கலும் சோம்பலும் முகவீக்கமும் சேர்ந்து வெயில் தாங்கவில்லை என்றால் மாத்திரை போதவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். வியர்த்து ஊற்றி, படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் இருந்தால் அளவு அதிகமோ என்று சந்தேகப்படுங்கள். இரண்டையும் பரிசோதனைதான் உறுதி செய்யும். பொதுவாக டி.எஸ்.எச். 0.4 முதல் 4 வரை இருப்பதைச் சரியான அளவு என்கிறார்கள். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் உண்மை நிலை தெரியாது.

கோவையிலிருந்து ஒருவர்: முடி உதிர்வதால் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். பரிசோதனைக்குப் போகும்போது சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். பயோட்டின் சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதை நம்பி மாத்திரை அளவைக் குறைத்தால் கேடு உங்களுக்குத்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள்.

பவானியிலிருந்து ஒரு மருமகள்: "அந்த மாத்திரை உடம்புக்குச் சூடு, கத்திரி முடியும் வரை நிறுத்திவிடு" என்கிறார் என் அத்தை. நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது, அம்மணி. உங்கள் அத்தை அக்கறையோடுதான் சொல்கிறார்; ஆனால் இது சூட்டைக் கிளப்பும் மருந்து அன்று. உங்கள் சுரப்பி சுரக்க வேண்டியதைச் சுரக்காததால், அந்தக் குறையை வெளியிலிருந்து ஈடு செய்கிறோம், அவ்வளவுதான். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மருந்து பாதியளவு குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்; அதனால் நிறுத்திய முதல் வாரத்தில் எந்த மாற்றமும் தெரியாது, "நிறுத்தியதே நல்லது" என்றுகூடத் தோன்றும். மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் கத்திரி 28ஆம் தேதி வாக்கில் முடிவதற்குள் மருந்தின் பெரும்பகுதி உடம்பை விட்டுப் போயிருக்கும். அதன்பின் வரும் அசதியும் வீக்கமும் எதனால் வந்தன என்றே புரியாது. என் பணிக்காலத்தில் ஆனி மாதத்தில் அப்படி வந்து நின்ற பெண்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.

தாராபுரத்திலிருந்து ஒருவர்: எங்கள் வீடு தகரக் கூரை. மாத்திரை பாட்டிலை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

நல்ல கேள்வி. இந்த மருந்துக்கு வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றுமே ஆகாது. பெரும்பாலான பாட்டில்களில் 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் பாட்டிலைப் படித்துப் பாருங்கள். அடுப்புத் திண்டின் அலமாரி, ஜன்னல் விளிம்பு, ஃபிரிட்ஜின் தலைமாடு, வண்டியின் சீட்டுக்கடியில் உள்ள பெட்டி ஆகியவை வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஓர் அம்மா கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தபோது உள்ளே பஞ்சு ஈரத்தில் ஒட்டியிருந்தது, மாத்திரைகளின் ஓரம் மாவாக உதிர்ந்தது, "மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். ஏறுகிறதே" என்று அவர் மூன்று மாதமாகக் குழம்பியிருந்தார். பாட்டிலில் குறிப்பிடாத வரை ஃபிரிட்ஜும் வேண்டாம். எடுத்து எடுத்து வைக்கும்போது ஈரம் படியும். இன்சுலினை மண்பானையில் வைக்கும் பழக்கத்தையும் இதற்குப் பின்பற்ற வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில், தரையை ஒட்டிய மர அலமாரியில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். பாட்டிலிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். கோடை மாதங்களில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு தொழிலாளி: பனியன் கம்பெனியில் அயர்னிங் பிரிவில் நிற்கிறேன். நீராவியும் வெயிலும் சேர்ந்து தலை சுற்றுகிறது.

உங்கள் உடம்பில் வியர்வை செய்யாத வேலையை வெளியிலிருந்து ஈரம் செய்யட்டும். நம் ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் முன்கைகளிலும் போட்டுக்கொண்டு மின்விசிறிக் காற்றில் நில்லுங்கள். உலர உலர நனையுங்கள். உலர்ந்த தோலில் அனல் காற்றடிக்கும் விசிறியால் பெரிய பயன் இல்லை. தண்ணீரை ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிப்பதைவிட, அரை மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லாத தைராய்டு குறைவில் அதிகப்படி நீரைச் சிறுநீரகம் எளிதில் வெளியேற்றாது. இரத்தத்தில் உப்பு குறைந்து, அதனாலேயே தலை சுற்றலாம். இடையிடையே உப்புப் போட்ட மோர் குடியுங்கள்; இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டிக் கலந்து குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். தலைசுற்றல் தொடர்ந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி வெளியே வந்து உட்காருங்கள். அன்றைய கூலியைவிட உங்கள் உயிர் பெரிது.

பல்லடத்திலிருந்து ஓர் அம்மா: கம்மங்கூழ் தைராய்டுக்கு ஆகாது என்று படித்தேன். கோடையில் அதுதானே எங்கள் உணவு?

தாராளமாகக் குடியுங்கள். கம்பில் சுரப்பியின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் சில உண்டு. அவை தொல்லை தந்தது, அயோடின் போதாத நிலையில் கம்பையே பிரதான உணவாக உண்டவர்களிடம். நீங்கள் அயோடின் உப்புப் பயன்படுத்துகிறீர்கள், உங்களுக்கு வேண்டியதை மாத்திரையும் தருகிறது. நேரத்தை மட்டும் கவனியுங்கள். அதிகாலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ கூழோ. ராகிக் கூழில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அதற்கும் இந்த இடைவெளி அவசியம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் விட வேண்டும். இந்துப்புக்கு மாறியவர்கள், அதில் போதிய அயோடின் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அயோடின் உப்பை விடவே கூடாது.

ஒரு கர்ப்பிணி, நாமக்கல்: நான்காம் மாதம். அளவு மாறுமா?

பெரும்பாலும் கூடும். நாள் தள்ளாமல் இந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிவகிரியிலிருந்து ஒரு பெண்: எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குக் கொடுமுடிக்கு நடந்து போய்க் காவிரித் தீர்த்தம் எடுத்து வருவோம். விரத நாளில் மாத்திரை?

மாத்திரை உணவாகாது, விரதத்தைக் கெடுக்காது. விடியலில் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு நடங்கள். தண்ணீரும் அருந்தாத விரதம் என்றால், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முந்தைய இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். ஆனால் தண்ணீர் குடிக்காமல் இந்த வெயிலில் நடக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். இரவில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் ஊர் வந்து சேரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பெரியவர்களிடம் பேசி அப்படி ஏற்பாடு செய்யுங்கள்.

கோவையில் வேலை பார்க்கும் ஒரு மகன்: காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் என் தாய் தனியாக இருக்கிறார். வயது 72. இரண்டு நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறார். போனில் பேச்சும் குழறுகிறது.

காத்திருக்காதீர்கள், தம்பி. சாதாரண அசதி என்று இதை விட்டுவிட முடியாது. வெப்பத் தாக்குதல், உப்புக் குறைவு, மிக முற்றிய தைராய்டு குறைவு, பக்கவாதம் ஆகிய நான்குமே இப்படித் தோன்றலாம். நான்குக்கும் மருத்துவமனைதான் வழி. நீங்கள் போய்ச் சேரும் வரை பொறுக்காமல் இப்போதே 108ஐ அழையுங்கள். பக்கத்துத் தோட்டத்தாரை வீட்டுக்கு அனுப்புங்கள். உடம்பு கொதித்தால் நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் தெளித்து விசிறச் சொல்லுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வைக்கட்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் தண்ணீர் ஊற்றாமல் போர்த்தச் சொல்லுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், தைராய்டு பாட்டிலையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்புங்கள்.