ரோபோ பயிற்சி கொடுத்தால் அண்ணன் நடப்பாரா?

கேள்வி: என் அண்ணனுக்கு 31 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகில் டி12 எலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு கால்களும் அசையவில்லை, சிறுநீருக்கு டியூப் போட்டபடியே இருக்கிறது. ரோபோ மூலம் நடைப்பயிற்சி கொடுத்தால் நடக்க வைத்துவிடலாம் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள், செலவு லட்சக்கணக்கில் வருகிறது. இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்றுவிடலாமா என்று அப்பா கேட்கிறார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இப்போதைக்கு நிலத்தை விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் எலும்பைப் பற்றி இருக்கிறது, ஆபரேஷனைப் பற்றி இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிய வேண்டிய ஒரு எழுத்து மட்டும் இல்லை. தண்டுவடம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று பார்க்க ஆசியா (ASIA) ஸ்கேல் என்று ஒரு பரிசோதனை உண்டு. மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு பஞ்சும் ஒரு ஊசியும் போதும். உடம்பு முழுக்கப் பஞ்சால் தொட்டு, ஊசி முனையால் குத்தி, எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று குறிப்பார்கள், கை கால் தசைகளின் பலத்துக்கு மார்க் போடுவார்கள், கடைசியில் ஆசனவாயில் விரலை வைத்து 'இறுக்குங்கள்' என்று சொல்லிப் பார்ப்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கேதான் போய்ச் சேருகின்றன, அந்த இடத்தில் உணர்ச்சியோ இறுக்கமோ கொஞ்சம் இருந்தால்கூட மூளையிலிருந்து வரும் வழி முழுதாக அடைபடவில்லை என்று அர்த்தம். இதை வைத்து ஏ முதல் ஈ வரை கிரேடு கொடுப்பார்கள். ஏ என்றால் அங்கே உணர்ச்சியும் இல்லை அசைவும் இல்லை. பி என்றால் உணர்ச்சி மட்டும் இருக்கிறது. சி, டி என்றால் அசைவும் கொஞ்சம் தப்பித்திருக்கிறது. ஈ என்றால் இயல்பு நிலை.

அண்ணன் நடப்பாரா என்பதைத் தீர்மானிப்பது இந்த எழுத்துதான், மெஷின் இல்லை. ஐந்து மாதம் கழிந்தும் ஏ என்றே வந்தால், சொந்தக் கால் பலத்தில் நடக்கிற வாய்ப்பு மிகவும் குறைவு, அதை எந்த ரோபோவாலும் மாற்ற முடியாது. இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலம் போன பிறகு நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

சரி, ரோபோ என்னதான் செய்கிறது? லோகோமேட் போன்ற இயந்திரத்தில் நோயாளியை வார்ப்பட்டை கட்டி மேலிருந்து தொங்கவிட்டு, உடல் எடையில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ள, கீழே டிரெட்மில் ஓட, இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் கால்களை எட்டு வைக்கச் செய்யும். இதையே கையால் செய்ய வேண்டுமென்றால் இரண்டு மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் குனிந்து உட்கார்ந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் முதுகு விட்டுப்போகும். ரோபோவுக்குக் களைப்பு கிடையாது, ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான எட்டுகள் கிடைக்கும். கொஞ்சம் அசைவு மிஞ்சியிருக்கிற சி, டி நோயாளிக்கு அந்த எண்ணிக்கை உதவும். ஆனால் மற்ற முறைகளைவிட ரோபோ நடை உயர்ந்தது என்று ஆராய்ச்சிகள் தெளிவாகச் சொல்லவில்லை. நல்ல பிசியோதெரபிஸ்ட், இணை கம்பிகள், வாக்கர் இவற்றோடு அதே உழைப்பைப் போட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று. மோட்டாரே எல்லா வேலையையும் செய்தால், பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் போகிற மாதிரிதான், காலுக்கு எந்தப் பயிற்சியும் ஆகாது. வாரத்துக்கு வாரம் மெஷினின் உதவியைக் குறைத்து, நோயாளி முயற்சி செய்து எட்டு வைக்கும்படி மாற்ற வேண்டும். எங்கே போனாலும் உதவியை எப்படிக் குறைப்பீர்கள், முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டாதீர்கள்.

உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் ரோபோ வேறு. ரீவாக் என்ற கருவிக்கு 2014-இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, முதுகெலும்பில் டி7-இலோ அதற்குக் கீழேயோ (எண் கூடக் கூடக் கீழே, உங்கள் அண்ணனுக்கு டி12) அடிபட்டவர்கள் வீட்டிலும் பயன்படுத்தலாம், ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கையில் ஊன்றுகோலும் வேண்டும். அதைக் கழற்றி வைத்ததும் மறுபடி வீல்சேர்தான்.

எந்த மெஷினில் ஏறுவதற்கு முன்னாலும் தொடை எலும்பின் பலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாத காலில் எலும்பு சீக்கிரம் மெலிந்துபோகும், உடைந்தாலும் வலி தெரியாது, வீக்கமும் சூடும்தான் தெரியும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படுக்கைப் புண் இருந்தால் முதலில் அது ஆற வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டை கட்டின இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். (டி6-இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் இதைப் படித்தால்: பயிற்சியின்போது திடீரென்று தலைவலி, வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள், உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.)

ரோபோவைவிட எனக்குக் கவலையாக இருப்பது அண்ணனுக்குப் போட்டிருக்கிற அந்தச் சிறுநீர் டியூப். ஐந்து மாதமாக உள்ளேயே இருந்தால் தொற்று, கல் எல்லாம் வரும், கிட்னி வரைக்கும் போகும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கதீட்டர் என்ற மெல்லிய டியூப்பை விட்டு, சிறுநீர் வடிந்ததும் எடுத்துவிடும் முறையை, கை நன்றாக வேலை செய்கிற உங்கள் அண்ணன் கற்றுக்கொள்ளலாம். அவருக்கு அது பொருந்துமா என்று யூராலஜிஸ்டிடம் இந்த வாரமே கேளுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-இல் ஆரம்பித்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் கழுத்தில் அடிபட்டவர்தான். இந்த மாதிரி இடத்தில் சில வாரம் தங்கினால் படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, புண் வராமல் பார்த்துக்கொள்வது, காலைத் தாங்கும் காலிப்பர் மாட்டி நிற்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கற்றுத் தருவார்கள். கிரேடு சி என்று வந்து, அங்கேயே ரோபோ பயிற்சியும் நல்லது என்று சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள், நானும் சந்தோஷப்படுவேன்.

கையில் இருக்கிற பணத்தில் அவர் அளவுக்கேற்ற வீல்சேரும் நல்ல மெத்தையும் முதலில் வாங்குங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் என்ற மோட்டாரை அதற்குப் பொருந்துகிற வீல்சேரில் மாட்டினால் ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம், அதையும் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அப்புறம் உங்கள் வீட்டுக் கழிவறை வாசலை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள், 90 சென்டிமீட்டராவது இல்லையென்றால் அண்ணன் வீடு திரும்புவதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டு அகலப்படுத்திவிடுங்கள்.