நெடுந்தீவுக் குதிரைகளும் குறையும் புல்லும்: சென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தாம்பரம்: யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் கோடையில் செத்துப்போகின்றனவே, புல் இல்லாமலா சார்?

முதலில் தண்ணீர், பிறகுதான் புல். சுமார் 50 சதுர கிலோமீட்டர் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) தரை, ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை தரைக்குள் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடலின் உப்புநீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே அரை அடி இறங்கினால், கணக்குப்படி உப்பு 20 அடி ஏறிவிடும். மழை தவறினாலும் மோட்டாரில் உறிஞ்சினாலும் இதே கதி. கடல் உயர உயர, கரையோரக் கிணறுகள் முதலில் கெடும்.

வேளச்சேரி: எத்தனை குதிரையைத் தாங்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

தை மாதத்தில் 1 மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, உள்ளிருக்கும் புல்லை ஒட்ட அறுத்து, நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும். 20 இடத்திலாவது செய்யுங்கள். பச்சையாகத் தெரிகிற இடமாகத் தேடி வைத்தால் கணக்கே பொய். சராசரி 100 கிராம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. அதில் பாதியைத் தொடக்கூடாது. பாதிக்கு மேல் மேய்ந்துவிட்டால் வேர் வளர்வது குன்றி, அடுத்த மழைக்குத் துளிர்க்கத் தெம்பிருக்காது. மீதி 200 கிலோ. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை தினம் 4 முதல் 5 கிலோ உலர்புல் தின்னும். ஆக ஏக்கருக்கு 40, 50 நாள். புரட்டாசி வரை 9 மாதம் ஓட்ட ஒரு குதிரைக்கு 6 ஏக்கர் வேண்டும். மாடும் ஆடும் மேய்வதை இதில் சேர்க்கவில்லை. நல்ல மழை ஆண்டை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்வதுதான் பெரிய தவறு. வறண்ட ஆண்டின் புல்தான் அளவுகோல்.

பெரம்பூர்: மாடு மேய்வதைவிடக் குதிரை மேய்வது கெடுதலா?

புல்லுக்கு ஆமாம். மாட்டுக்கு மேல் முன்பல் இல்லை. நாக்கால் சுழற்றி இழுப்பதால் அடி தங்கும். குதிரை தரையோடு கடிக்கும். மரக்கன்றுக்கு ஆடுதான் எமன்.

அண்ணா நகர்: தண்ணீர்த் தொட்டி கட்டக் காசு கொடுக்கலாமா?

தாராளமாக, ஆனால் ஒரே பெரிய தொட்டி வேண்டாம். எல்லாக் குதிரையும் அங்கேயே நிற்கும். சுற்றிப் புல் அழிந்து, குளம்பு மிதித்து மண் இறுகி, மழைநீர் இறங்காமல் ஓடிவிடும். கிணற்றுக்கும் நட்டம். சிறு தொட்டிகளை 1 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்து, முறைவைத்துத் திறந்து மூடுங்கள். குதிரைக்குத் தினம் 20 லிட்டராவது தேவை. குதிரை நக்குவதற்கான உப்புக்கட்டியைத் தொட்டியிலிருந்து தள்ளியே வையுங்கள்.

மயிலாப்பூர்: எலும்பும் தோலுமாக நிற்கிற குதிரைக்குக் கொள்ளு, தவிடு போடலாமா?

உடனே வேண்டாம் அம்மா. பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென இறங்கினால் உயிருக்கே ஆபத்து. முதல் மூன்று நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) கால் கிலோ, அருகில் தண்ணீர். பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி மெல்லக் கூட்டுங்கள்.