அண்டை நாடுகளில் சுற்றியபோது நீங்கள் கண்டுபிடித்த பாரம்பரிய உணவுகள் எவை? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இலங்கைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் நான் வடக்கே போகிறேன். நேபாளமும் பூட்டானும். இரண்டையும் ஒரே பயணத்தில் தரைவழியாகவே பார்த்துவிடலாம். நேபாளத்தின் கிழக்கு எல்லை ஊரான காக்கர்பிட்டாவைத் தாண்டி, சிலிகுரி வழியாக ஜெய்கான் போனால், அங்கிருக்கும் வாசலுக்கு அந்தப் பக்கம் பூட்டானின் புன்ட்ஷோலிங்.

இந்த இரண்டு நாட்டிலும் உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு முதல் எதிரி நம்முடைய முகம்தான். இந்தியர் என்று தெரிந்ததும் பாசத்தோடு பனீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். காட்மாண்டுவில் பயணிகள் தங்கும் தமேல் பகுதியில் பீட்சாவிலிருந்து தோசை வரை எல்லாம் உண்டு. நான் கண்டுகொண்ட வழி எளிது: உணவகத்துக்குப் போகும்முன் சந்தைக்குப் போய், காயவைத்து விற்பது என்னவென்று பார்ப்பது. குளிர்காலத்தில் வயலில் ஒன்றும் விளையாத மலைநாட்டில், பல தலைமுறையாக எதைச் சேமித்துவைத்தார்களோ அதுதான் அவர்கள் அடுப்பின் ஆதாரம்.

காட்மாண்டுவின் அசன் சந்தையில் பழுப்பு நிறத்தில் சுருண்ட இலைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அதுதான் குந்த்ருக். கடுகுக்கீரை, முள்ளங்கி இலை, காலிஃபிளவர் இலை என்று எது கிடைக்கிறதோ அதை வாடவிட்டு, நசுக்கி, ஜாடியில் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் உலர்த்துகிறார்கள். உப்புகூடப் போடுவதில்லை, புளிப்பே காப்பாற்றிவிடுகிறது. சோயா பீன்ஸ், தக்காளி, காய்ந்த மிளகாய் சேர்த்துத் தண்ணியாகக் கொதிக்கவைத்தால் குந்த்ருக் ஜோல். வாசனை முதல் வாயில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மூன்றாவது வாயில் சரியாகிவிடும்.

அதைத் தேடித்தான் தகாலி சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனேன். நேபாளத்தின் மலைப்பகுதியான முஸ்தாங் பக்கத்துத் தகாலி மக்கள், திபெத்திலிருந்து உப்பு வந்த காளி கண்டகி ஆற்றுப் பாதையில் சத்திரம் நடத்தியவர்கள். வழிப்போக்கருக்குச் சோறு போடுவது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். பளபளக்கும் வெண்கலத் தட்டில் சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரை, ஊறுகாய், நெய் என்று வரும். தட்டு காலியாக விடமாட்டார்கள், நாம்தான் கையை வைத்து மறைக்கவேண்டும். பருப்பைத் தாளிப்பது ஜிம்பு என்னும் உலர்ந்த மலைப்புல்லில். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உறவு. நெய்யில் விழுந்ததும் எழும் மணத்துக்கு நம் சமையலில் இணை இல்லை.

சோற்றுக்குப் பதில் "தீதீ, திண்டோ இருக்கிறதா?" என்று கேளுங்கள். கடைக்கார அம்மாவை அக்கா என்று அழைத்தபடியும் ஆகும், சரியான சாப்பாடும் வரும். கேழ்வரகு மாவையோ சோள மாவையோ கொதிநீரில் கொட்டிக் கிண்டிய கட்டி அது. தருமபுரிக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் "இது களி அல்லவா!" என்று கத்தியிருப்பார். உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிற முறைகூட அதேதான். ஒரு காலத்தில் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கியதை இப்போது சோற்றைவிடக் கூடுதல் விலைக்கு விற்பதும் நம் ஊர்க் கதைதான்.

காட்மாண்டுவுக்குப் பக்கத்து ஊரான பக்தபூர் போனால் மண்சட்டியில் உறைந்த ஜூஜூ தௌ என்ற எருமைத்தயிரை விடாதீர்கள். சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் கடைகளில் அவலை ஊறவைக்காமல் வறட்டு அவலாகவே இறைச்சியோடு தருவார்கள், பல்லுக்கு நல்ல வேலை. அங்கே "பஃப்" என்றால் எருமை இறைச்சி. பசுவதைக்கு நேபாளத்தில் சட்டப்படி தடை.

அப்புறம் பூட்டான். இங்கே தேடுவது கடினம். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய் அரசுக் கட்டணம் இருப்பதால் பலரும் மொத்த ஏற்பாட்டுப் பயணத்தில்தான் வருகிறார்கள், அதில் வேளாவேளைக்கு பஃபே. காரமில்லாத நூடுல்ஸ், காரமில்லாத கோழி, காரமில்லாத எல்லாம். ஆனால் எங்கள் ஓட்டுநரும் வழிகாட்டியும் எங்களோடு உட்காரவே இல்லை. பின்பக்கம் ஓர் அறையில் சாப்பிட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் அங்கேயே வருகிறேன் என்றேன். "சார், காரம்" என்று தயங்கினார் வழிகாட்டி. தமிழ்நாட்டுக்காரனிடமா?

சிவப்பரிசிச் சோறும் ஏமா தாட்சியும். ஏமா என்றால் மிளகாய், தாட்சி என்றால் பாலாடைக்கட்டி. பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்தது. நாம் மிளகாயைக் குழம்பில் போடுவோம். அவர்களுக்கு மிளகாய்தான் காய். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை, ஆனால் பாலாடைக்கட்டி காரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் கை நிற்கவில்லை. இலையுதிர்காலத்தில் பாரோ பள்ளத்தாக்கில் கூரையெல்லாம் சிவப்பாக மிளகாய் காயும். பச்சை மிளகாயை வெந்நீரில் முக்கியெடுத்து உலர்த்தி வெளுக்கவைப்பதும் உண்டு, குளிர்காலத் தாட்சி அதில்தான். பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று 2016-இல் இந்திய மிளகாய் இறக்குமதியையே நிறுத்திய நாடு, அவ்வளவு அக்கறை. இத்தனைக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். பாரம்பரியம் என்பதற்கு வயது சில நூற்றாண்டு இருந்தாலே போதும் போலிருக்கிறது.

அதைவிடப் பழைய ருசி வேண்டுமென்றால் கிழக்கே பும்தாங் போகவேண்டும். உயரமும் குளிரும் அதிகம் என்பதால் நெல்லைவிடப் பாப்பரைதான் அங்கே பாரம்பரியத் தானியம். விரத நாளில் வடநாட்டார் தேடும் குட்டூ மாவு இருக்கிறதே, அதே தானியம். அதைப் பிசைந்து மர அச்சில் போட்டு, நெம்புமரத்தின் மேல் ஆளே ஏறி உட்கார்ந்து பிழிகிறார்கள். அந்த நூடுல்ஸ்தான் புட்டா. லேசான கசப்பு, சூடான எண்ணெய், மிளகாய். எனக்கு ஏமா தாட்சியைவிட இதுவே பிடித்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரான சூஜாவை மட்டும் தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடியுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்படவேண்டாம். உருளைக்கிழங்கிலும் காளானிலும் தாட்சி உண்டு. அசைவக்காரர்கள்தான் நாள் பார்த்துப் போகவேண்டும், பூட்டான் நாட்காட்டியின் முதல் மாதமும் நான்காம் மாதமும் புனிதம் என்று இறைச்சி விற்பனையை நிறுத்திவிடுவார்கள்.

ஊருக்கு வாங்கிவர ஒன்றே ஒன்று என்றால் ஜிம்பு. எடையே இருக்காது. உளுத்தம்பருப்பைக் குழைய வேகவைத்து, நெய்யில் ஒரு சிட்டிகை ஜிம்பைக் கருகவிடாமல் பொரித்துக் கொட்டுங்கள். குந்த்ருக்கும் வாங்குவதென்றால் இரண்டு மூன்று பைகளுக்குள் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் துணியெல்லாம் அந்த வாசனைதான்.