ஆச்சி உட்கார்ந்த இடம்

அன்புள்ள ஐயா,

வரும் அக்டோபரில் ஸ்பெயினுக்கு ஒரு கலாச்சாரக் குழுப் பயணம் போகலாம் என்றிருக்கிறேன். பத்து நாள். மாட்ரிட் அரண்மனை, பிராதோ அருங்காட்சியகம், எஸ்கோரியல், கோர்தோபா, செவில், கடைசியில் கிரனாடா. மொத்தம் 28 பேர், கூடவே கலை வரலாறு படித்த ஒரு வழிகாட்டி. பிராதோவுக்கு இரண்டு மணி நேரம், கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இது போதுமா? கூட்டத்தோடு போவதில் அர்த்தம் இருக்கிறதா, இல்லை பணம் சேர்த்துக்கொண்டு பிறகு தனியாகப் போவதா? பார்சிலோனா இல்லாதது குறையா? சைவ உணவு கிடைக்குமா? முஸ்லிம் மன்னர்கள் கட்டியதை எல்லாம் பின்னால் வந்தவர்கள் இடித்துவிட்டார்களாமே, பார்க்க மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

இன்னொன்று. அம்மாவும் வருகிறேன் என்கிறார். 67 வயது, மூட்டுவலி, சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் நின்றால் உட்கார இடம் தேடுவார். குழுவுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஐரோப்பிய ஓவியமெல்லாம் அவருக்குப் புரியுமா என்றும் தெரியவில்லை. எப்படிச் சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உணவு கிடைக்கும். ரொட்டி, தக்காளி, ஆலிவ், பழம் இல்லாத ஊர் அங்கே கிடையாது. பார்சிலோனா வேறொரு பயணம், அதை இதற்குள் திணிக்க வேண்டாம். இடித்துவிட்டார்கள் என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தது இவற்றுக்காக இல்லை, 'எப்படிச் சொல்லித் தடுப்பது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. படித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டவன்.

சில வருடங்களுக்கு முன் இதே ஊர்கள் வழியாக, இதேபோல ஒரு குழுவில் போனேன். காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மகளோடு வந்திருந்தார். கோர்தோபாவில் அவருக்காகப் பேருந்து காத்திருந்தது. செவிலில் வழிகாட்டி, எங்கள் எல்லோருக்கும் மாட்டிவிட்ட காதுக்கருவியில் பேசிக்கொண்டே முன்னால் போய்விட, ஆச்சி எங்கோ பின்தங்கி, தேடிப் பிடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. 'முடியாதவங்க எதுக்கு வர்றாங்க' என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. அந்த மகளின் காதில் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் அல்ஹம்ப்ரா. அங்கே நஸ்ரி அரண்மனைகளுக்குள், அதாவது கிரனாடாவை ஆண்ட நஸ்ரி என்ற முஸ்லிம் வம்சம் வாழ்ந்த பகுதிக்குள், நுழைய நேரம் குறித்த சீட்டுதான் தருவார்கள், நேரம் தவறினால் விடமாட்டார்கள், அதனால் எல்லோருக்கும் பதற்றம். வேகமாக உள்ளே போய் மிர்ட்டில் செடி முற்றத்துக்கு வந்தோம். நடுவில் நீளமான ஒரு குளம், இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட செடி வரிசை, வடக்கே கோமாரெஸ் கோபுரம். வழிகாட்டி நான்கு நிமிடம் பேசினார், நாங்கள் படம் எடுத்தோம், நகர்ந்தோம். ஆச்சி நகரவில்லை. மண்டபத்துத் தூண் ஒன்றின் அடியில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி அழைத்து வர என்னைத்தான் திருப்பி அனுப்பினார்கள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்து, "நின்னுகிட்டுப் பாத்தா இதுல ஒண்ணும் தெரியாதுப்பா, உக்காந்து பாரு" என்றார்.

எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். நின்றபோது அந்தக் குளத்தில் பாசி படிந்த அடித்தரையும் நாலைந்து மீனும் தெரிந்தன. கண் கீழே இறங்கியதும் தண்ணீர் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கோபுரம் தலைகீழாக நின்றது, வானம் முழுக்க உள்ளே இருந்தது. இதில் மாயம் எதுவும் இல்லை, தண்ணீரை எவ்வளவு சாய்வாகப் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அது கண்ணாடியாகும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாய்வு தரையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது. "எங்க வீட்டு வளவுல மழை பெஞ்சு தேங்கினா இப்படித்தான் இருக்கும்" என்றார் ஆச்சி. காவலர் ஒருவர் எழச் சொல்வதற்காக வந்தார், ஆச்சியின் வீங்கிய கணுக்காலைப் பார்த்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த அரண்மனையில் எதைப் பார்த்தாலும் எனக்கு இது ஒன்றுதான் தெரிந்தது, இன்றுவரை இதைச் சொல்லாமல் என்னால் அல்ஹம்ப்ராவைப் பற்றிப் பேச முடியாது. அது உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்காகக் கட்டிய வீடு. நாற்காலியில் இல்லை, தரையில், விரிப்பின் மேல், திண்டில் சாய்ந்து. சுவரில் வண்ண ஓடு பதித்த பகுதி எவ்வளவு உயரம் வரை போகிறது என்று பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் முதுகும் தலையும் படும் உயரம். அதற்குச் சற்று மேலே எழுத்துப் பட்டை. இரு சகோதரிகள் மண்டபத்தில் அந்த இடத்தில்தான் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ராக்கின் கவிதை ஓடுகிறது, சுவரே தன்னை ஒரு தோட்டம் என்று சொல்லிக்கொண்டு பேசுகிறது. அப்புறம் சிங்க முற்றத்துக்குப் போங்கள். 124 பளிங்குத் தூண்களையும் 12 சிங்கங்களையும் எல்லோரும் படம் எடுப்பார்கள், தரையில் ஓடும் கால்வாய்களை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். மண்டபங்களின் தரையிலேயே நீரூற்று, அதிலிருந்து ஒரு விரற்கடை ஆழத்தில் சிங்கங்களை நோக்கி ஓடும் தண்ணீர். நிற்கிறவருக்கு அது தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பள்ளம், உட்கார்ந்தவருக்குக் கைக்கு எட்டும் ஓடை. அதே பக்கம் ஒரு சின்ன மாடம் இருக்கிறது, லிந்தராஹா என்பார்கள், அதன் ஜன்னல்கள் தரையை ஒட்டி இருக்கும். 'ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள்' என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். உட்கார்ந்தபடி பள்ளத்தாக்கைப் பார்க்கத்தான். பின்னால் கிறிஸ்தவ அரசர் சார்லஸ் ஐந்தாமனுக்காகக் கட்டிய அறைகள் குறுக்கே வந்து அந்தக் காட்சியை மறைத்துவிட்டன. தூதர் மண்டபத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இணைத்து ஏழு வானங்களாகச் செய்த விதானம் இருக்கிறது. அண்ணாந்து கழுத்து வலிக்க அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்கிறோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவனுக்குக் கழுத்தை ஒடிக்காமலே அந்த வானம் மெதுவாக இறங்கி வந்திருக்கும். தாளில் இதையெல்லாம் படித்தால் உங்களுக்கு நம்பிக்கை வராது. காலணிக் கயிறு கட்டுவதுபோலவாவது ஒவ்வொரு அறையிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

அங்கே யார் தொந்தரவு, யார் சரியாகப் பார்க்கிறவர்? பத்து நிமிடம் நின்றால் உட்கார இடம் தேடுகிற உங்கள் அம்மாதான் அந்த வீட்டின் இயல்பான விருந்தாளி. நீங்களும் நானும் மற்ற 26 பேரும் சுவரின் ஓட்டுப் பகுதியைத் தாண்டி உயரமாக நின்றுகொண்டு, அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களின் தலைக்கு மேலாகப் பார்த்துவிட்டு வருகிறோம்.

எஸ்கோரியலையும் சொல்லிவிடுகிறேன், மாட்ரிடுக்கு வெளியே இருக்கும் அந்த மடாலய அரண்மனை உங்கள் திட்டத்தில் இருக்கிறது. 1563-ல் தொடங்கி 21 வருடம் கட்டியது, அதன் முகப்பைப் பார்த்தால் மலையே எழுந்து நின்று மிரட்டுவதுபோல இருக்கும். அதைக் கட்டிய ஃபிலிப் இரண்டாமன் பாதி உலகத்துக்கு அரசர், கீல்வாதத்தால் நடக்க முடியாதவர். அவருக்காக ஒரு சாய்வு நாற்காலியைத் தனியாகச் செய்தார்கள், கால் நீட்டிக்கொள்ளும் பலகையோடு. 1598-ல் மாட்ரிடிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவர் இறந்தது ஒரு சின்ன அறையில், அங்கே படுக்கையிலிருந்தபடியே தேவாலயத்தின் பலிபீடம் தெரியும். அந்த அறையை அம்மாவுக்குக் காட்டுங்கள். வலியைப் பற்றி வழிகாட்டியைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

சரி, இடித்துவிட்டார்களா என்ற கேள்வி. கோர்தோபா மசூதியின் நடுவே தேவாலயத்தை எழுப்பினார்கள், உண்மை. அல்ஹம்ப்ராவின் கோபுரங்கள் சிலவற்றை 1812-ல் பின்வாங்கிப்போன பிரெஞ்சுப் படை வெடிவைத்தது, அதுவும் உண்மை. ஆனால் செவிலில், 1364-ல், பெத்ரோ என்ற கிறிஸ்தவ அரசர் தனக்கு அரண்மனை கட்டியபோது கிரனாடா சுல்தான் முகமது ஐந்தாமன் கைவினைஞர்களை அனுப்பினார். இரண்டு பேரும் நண்பர்கள். அந்த முகப்பில் நீல ஓட்டில் 'இறைவனைத் தவிர வெல்பவர் இல்லை' என்ற நஸ்ரி வாசகம் அரபியில் இருக்கிறது, கிறிஸ்தவ அரசரின் வாசலில். இடித்தவன், கட்டினவன் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போகாதீர்கள், எம்.

பிராதோவுக்கு இரண்டு மணி நேரம் போதாது, இரண்டு நாளும் போதாது, அதனால் மூன்றே மூன்று படம் பாருங்கள். அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' அதில் ஒன்றாக இருக்கட்டும். அந்தப் படத்தில் தெரியும் கூடம் பழைய அரண்மனையில் இருந்தது, 1734 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தீப்பிடித்து எரிந்துபோனது. எரிந்த இடத்தில் எழுப்பியதுதான் நீங்கள் பார்க்கப்போகும் மாட்ரிட் அரண்மனை. எங்கள் வழிகாட்டி காலையில் அரண்மனையைக் காட்டினார், மதியம் படத்தைக் காட்டினார், இரண்டையும் இணைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

'அம்மாவுக்குப் புரியுமா' என்று கேட்டீர்கள். உங்களுக்குப் புரியும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஓவியர் கோயா காது கேளாமல், எழுபதைக் கடந்த வயதில், தன் வீட்டுச் சுவர்களிலேயே 14 படங்களை வரைந்தார். யாரும் கேட்டு வரைந்ததில்லை, யாருக்கும் விளக்கம் எழுதி வைக்கவும் இல்லை. பிறகு சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள், இப்போது பிராதோவில் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு நாயின் தலை மட்டும் இருக்கிறது, சரிவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது, மேலே முழுக்க வெறும் மஞ்சள். ஆச்சியும் நானும் அதன் முன் நின்றபோது அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இதக் கூப்புட யாருமே இல்லியா?" அந்தப் படத்தைப் பற்றி அதற்கு முன்பும் பின்பும் நிறையப் படித்துவிட்டேன், அந்தக் கேள்வியைத் தாண்டி எதுவும் என்னை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

கூட்டத்தோடா, தனியாகவா என்றுதான் ஆரம்பித்தீர்கள். கூட்டத்தோடே போங்கள், பேருந்தும் சீட்டும் அவர்கள் பொறுப்பு, அம்மாவுக்கு அது நல்லது. பயண நிறுவனத்திடம் இப்போதே சக்கர நாற்காலி பற்றிக் கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். அல்ஹம்ப்ரா சீட்டு பெயர் போட்டு வரும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அவருடைய பெயரைச் சரியாகக் கொடுங்கள். காதுக்கருவியை ஒரு மணி நேரம் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருங்கள், வழிகாட்டி சொன்னதை மற்றவர்களிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அம்மா எங்கெல்லாம் உட்கார்ந்தார், அங்கிருந்து என்ன தெரிந்தது, அதை மட்டும் எழுதினால் போதும்.